வாசித்துக் காட்டாமல் போடமாட்டார்

இதை எழுதி முடித்ததும் நேரே போய் அவருடைய மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எனக்கு இந்தப் பழக்கமே கிடையாது. எழுதினோமா, அனுப்பினோமா, அடுத்த வேலையைப் பார்த்தோமா என்று இருக்கிறவன் நான். ஆனால் அவரைப் பற்றி எழுதிவிட்டு யாருக்கும் வாசித்துக் காட்டாமல் அனுப்பினால், மனுசன் மையவாடி மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வந்து என் கடை வாசலில் நிற்பார். அந்தப் பயம் உண்மையாகவே எனக்கு இருக்கிறது.

மச்சி என்று நான் கூப்பிடும் அவர் மனைவி, குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் இரண்டு திருத்தம் சொன்னார். "பேர் வேணா தம்பி. தெரிஞ்சவங்களுக்கு எப்பிடியும் தெரியும். தெரியாதவங்களுக்குப் பேர் என்னத்துக்கு?" இது ஒன்று. மற்றது, அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டார் என்று எழுதியிருந்தேன். "அது பச்சப் பொய். என்னோட போட்ட சத்தமெல்லாம் எந்தக் கணக்கில?" என்று கேட்டார். ஆகவே பேரை எடுத்துவிட்டேன். மற்றதையும் திருத்திவிட்டேன்: வெளியாட்களுக்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் சத்தம் போட்டார். அந்தத் தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான்.

அவரும் நானும் ஒரே காலத்தில் நிருபர் வேலைக்கு வந்தவர்கள். அவர் ஒரு பத்திரிகைக்கு, நான் அதன் போட்டிப் பத்திரிகைக்கு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால், அண்ணன் முறையில், காக்கா என்று கூப்பிடுவேன். கல்முனையில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை, ஊரார் தொலைபேசி எடுக்கவும் பெக்ஸ் அனுப்பவும். அப்போது செய்தியெல்லாம் பெக்ஸில் போன காலம். அவருடைய செய்தியும் என் கடையிலிருந்துதான் கொழும்புக்குப் போகும். போட்டிப் பத்திரிகைக்காரனின் கையில் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். நான் அதை வாசித்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஆனால் வாசித்து ஒரு பிரயோசனமும் இல்லை. அவருடைய செய்தி பெக்ஸ் மெஷினுக்கு வரும்போது என்னுடையது அச்சாகிக் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் அந்தப் பழக்கம்தான். ஒருவரிடம் கேட்டு எழுதினால், எழுதியதை எடுத்துக்கொண்டு அதே ஆளிடம் திரும்பப் போவார். வாசித்துக் காட்டுவார். அந்த ஆள் சரி என்று சொன்ன பிறகுதான் செய்தி போகும்.

ஒரு முறை கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலைக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் பெரிய வாய்த்தகராறு. இருவரும்தான் போனோம். ஒரே ஆளிடம்தான் கேட்டோம். நான் அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னால் அனுப்பிவிட்டேன். இவர் என் கடை வாங்குப் பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன காக்கா, இன்னும் அனுப்பல்லியா?"

"ஆளுக்கு வாசிச்சுக் காட்டல்ல. கடலுக்குப் போயிட்டாராம்."

"யா அல்லாஹ்! அவர் மீனப் புடிச்சிட்டு வந்து உங்களுக்குத் தலையாட்டும் வரைக்கும் பேப்பர்காரன் பார்த்துக்கிட்டு இரிப்பானா?"

"இரிக்கட்டுமே."

விடியற்காலையில் படகு வரும்வரை கரையில் நின்று, வலையைக் கழற்றிக்கொண்டிருந்த அந்த மனிதருக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்து வாசித்துக் காட்டினாராம். அந்த ஆள் இரண்டு இடத்தில் திருத்தியிருக்கிறார். அதே ஆள் அன்று மத்தியானம் என்னுடைய பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். அவர் என்னோடு போட்ட சண்டையைப் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். இவரும் பிளேன்டீக் கோப்பையோடு நின்று பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

கொழும்பிலிருந்து அவருடைய பத்திரிகை ஆசிரியர் அழைத்தால் என் கடைத் தொலைபேசிக்குத்தான் அழைப்பார். "உங்கட ஊர்ல நேத்துச் சாப்பிட்டதுக்கு இண்டைக்குத்தான் ஏப்பம் வருமோ?" என்று அவர் கத்துவது ரிசீவருக்கு வெளியே கேட்கும். இவர் "ஓம் சேர், ஓம் சேர்" என்று எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிட்டு வைப்பார். மறுநாளும் அதே கூத்துத்தான்.

அவர் வாசிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. மின்சார பில்லை வாசிக்கிற மாதிரி வாசிப்பார். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கதிரை கொடுத்தாலும் பாயில்தான் இருப்பார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் நிறுத்திக் கேட்கிறவரின் முகத்தைப் பார்ப்பார். "கொஞ்சம் உணர்ச்சியோட வாசிச்சா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன். "நான் உணர்ச்சியோட வாசிச்சா அவர் என்ட குரலுக்குத் தலையாட்டிருவாரு. அவர் சொன்னதுக்குத்தான் அவர் தலையாட்டணும்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, ஆளுக்கு மூளை இருந்தது.

வாசித்துக் காட்டுவது என்றால் எல்லோரும் சொன்னபடி வெட்டிக் கொடுப்பது என்று நினைக்க வேண்டாம். அதில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. "மைக்கில கதைச்சவருக்குத் திருத்தம் மட்டும்தான். அடுப்படியில கதைச்சவங்களுக்கு வாபஸ் வாங்கவும் உரிமை இரிக்கி." ஒரு அரசியல்வாதி மேடையில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டார். இவர் போய் அவருக்கும் வாசித்துக் காட்டினார். அவர், அந்தப் பந்தியை எடுத்துவிடுங்கள் என்றார். "நீங்க சொல்லல்லியா?" என்று இவர் கேட்டார். சொன்னதுதான், ஆனால் எடுங்கள் என்றார் அவர். மறுநாள் பேப்பரில் அந்தப் பந்தி அப்படியே வந்தது. அடுத்த பந்தியில், இதை நீக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்றும் வந்தது. அந்த வாரம் முழுக்க நான் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒன்றும் நடக்காத மாதிரி அவர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்.

பத்திரிகை வேலை செய்துகொண்டே வெளிவாரியாகப் பட்டம் படித்தார். பிறகு அடுத்த பட்டமான முதுமாணி. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிப்பிக்க ஆள் தேடினார்கள், நேர்முகத்துக்குப் போனார். "உங்கள் ஆய்வு முறை என்ன?" என்று கேட்டார்களாம். எழுதினதை ஆளுக்குத் திருப்பி வாசித்துக் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு முறை புத்தகங்களில் இருக்கிறது, அதற்கு நீளமான ஒரு பெயரும் இருக்கிறது என்றார்களாம். நேரே என் கடைக்கு வந்து சிரிசிரியென்று சிரித்தார். "கேட்டியாடா, நான் இவ்வளவு காலமும் பைக்கில ஓடினதுக்குப் பேர் இரிக்காம்!" அவர் அப்படி விழுந்து விழுந்து சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விரிவுரையாளராகிச் சேர்ட்டை உள்ளே விட்டுப் போட ஆரம்பித்தார். நான் நக்கல் அடித்தேன். மற்றபடி ஆள் மாறவில்லை. மாணவர்களையும் இதே பாட்டுக்கு ஆட்டி வைத்தார். ஒரு மாணவி ஆலையடிவேம்பில் ஒரு வயற்காரரிடம் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிக் கேட்டு நன்றாக எழுதியிருந்தாள். போய் வாசித்துக் காட்டு என்றார். தனியாகப் போகத் தயங்கினாள், ஆகவே இவரும் இரண்டு மாணவர்களும் கூடப் போனார்கள். அந்தப் பெரியவர் வயல் காவல் குடிசையான வாடியில் சாய்ந்திருந்து கேட்டுவிட்டு, "எல்லாம் மெய்தான் மகள். ஆனா தண்ணி துறந்து உடுற வட்டவிதானையப் பத்திச் சொன்னத மட்டும் எடுத்திரு. நாளைக்கும் அவருட்டத்தானே நான் தண்ணிக்கு நிக்கணும்" என்றார். கட்டுரையில் நல்ல இடமே அதுதான். மாணவி அழாத குறை. இவர், "எடு" என்றார். எடுத்தாள். வகுப்பில் ஆகக் கூடிய மதிப்பெண் அவளுக்குத்தான். "வெட்டின இடத்துக்குத்தான் புள்ளி போட்டன்" என்று என்னிடம் சொன்னார்.

இந்தப் பழக்கம் அவருடைய சோற்றிலேயே கை வைக்கப் பார்த்த கதையை இனிச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊரைச் சொல்லக்கூடாது என்றார்கள். இந்தக் கரையில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் தகப்பன் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். ஆண்கள் நாங்கள் கலியாணம் முடித்து உடுப்புப் பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போகிறவர்கள். நானும் அப்படித்தான், அவரும் அப்படித்தான். சண்டை வந்தால் வெளியே போய் நிற்க வேண்டியதும் நாங்கள்தான். சுனாமி வந்து கரையோரத்து வீடுகளை வழித்துக்கொண்டு போனது. பிறகு உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, வீட்டு உறுதிப் பத்திரத்தில் புருசன்மாரின் பேரை எழுதினார்கள். எங்கள் ஆண்களில் எத்தனை பேர் அது பிழை என்று சொன்னோம்? வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்து வைத்தோம். அப்படிக் கைமாறிப் போன வீடுகளைப் பற்றித்தான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. தமிழில்தான் எழுதுவேன் என்று நின்றார். "இங்கிலிசில எழுதினா நான் யாருக்குப் போய் வாசிக்கிற?"

அந்தப் பட்டத்தைக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்திரிகை வேலையை விட்டாயிற்று. திரும்பிப் போக இடமில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு வீடு கட்ட வேண்டும்.

அந்த ஆய்வில் உயிரான அத்தியாயம் ஒரு பெண்ணின் கதை. அக்கா முறையில் ராத்தா என்று நாங்கள் கூப்பிடுவோம். அவருடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீடு கடலோடு போனது. புது வீடு புருசன் பேரில் வந்தது. புருசனுக்குப் படகும் போயிருந்தது. மனிதர் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டைக் கைமாற்றிவிட்டுப் படகும் எஞ்சினும் வாங்கிவிட்டார். குடும்பம் தங்கச்சி வீட்டுப் பின்னறைக்கு ஒதுங்கியது. மூத்த மகளுக்குப் பேசி முடித்திருந்த கலியாணம், வீடு இல்லை என்றதும் குழம்பிப் போனது. ராத்தா இதையெல்லாம் ஒரு மத்தியானம் அடுப்படியில் இருந்து சொல்லியிருக்கிறார். எழுதியதை இவர் கொண்டுபோய் வாசித்துக் காட்டியபோது ஒரு சொல் மாற்றவில்லை.

"எல்லாம் நான் சொன்னதுதான். ஆனா இத அவருக்கு மட்டும் வாசிச்சிராதீங்க சேர். நாங்க ரெண்டு பேரும் இதப் பத்திக் கதைக்கிறல்ல. கதைச்சா இந்த அறையில ஒண்டா இரிக்க ஏலாது."

இங்கேதான் மனுசன் சிக்கினார். ஒரு எழுத்தில் ஒருவர் மேல் குற்றம் வருகிறது என்றால், அந்த ஆளும் கேட்டாக வேண்டும் என்பது அவருடைய சட்டம். புருசனுக்கு வாசித்தால் ராத்தாவின் குடும்பம் உடையும். வாசிக்காவிட்டால் போட முடியாது. மாதக் கணக்கில் அந்த அத்தியாயத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது இல்லாமல் ஆய்வே இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பேரை மாற்றி அனுப்பு, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். "பேர மாத்திப் போட்டு அனுப்பித் துலைங்க காக்கா!"

"பேர மாத்தினா அந்த மனுசன் கேட்டதாகுமா?"

"இந்த ஆய்வ ஆர் வாசிக்கப் போற? கறையான்தான் வாசிக்கும்!"

"கறையானுக்கு முதல் அவர் கேக்கணும்."

அறைந்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

கடைசியில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தார். அதைக்கூடச் சும்மா எடுக்கவில்லை, ராத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாராம். என் பைக்கில்தான் போனோம். ராத்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அந்த அத்தியாயத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து, "உங்கட கதைய நான் எடுத்திட்டன் ராத்தா. இனி நீங்க யோசிக்க வேணா" என்றார். பாரம் இறங்கிய மாதிரி ராத்தா தலையை ஆட்டினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவருக்கு வேல போகப் போகுது ராத்தா! உங்கட கதை இல்லாட்டி இவருக்குப் பட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

"வாய மூடு!" என்று ஒரு சத்தம். வெளியே கோழிகள் பறந்தன. "எழும்பு! வெளிய போ!"

நான் எழும்பி வாசல்வரை போனேன். வெளியே போகவில்லை.

ராத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி சொல்றது மெய்யா சேர்?"

பொய் சொல்லத் தெரியாத மனுசன். "மெய்தான். ஆனா அது உங்கட பாரமில்ல."

ராத்தா தண்ணீர்க் குவளையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அந்தப் பேப்பர வச்சிட்டுப் போங்க. அவருக்கு நானே வாசிச்சுக் காட்டுறன்" என்றார்.

"வேணா ராத்தா. எனக்காகச் செய்யாதீங்க."

"உங்களுக்காக எண்டு ஆர் சொன்ன?"

அவர் தாள்களைப் பாயில் வைத்தார். வைத்துவிட்டு வந்தோம். வருகிற வழியெல்லாம் என்னோடு கதைக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நானே வெட்கத்தை விட்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். மச்சி பிளேன்டீ வைத்துத் தந்தார். இருவரும் உம்மென்று குடித்துக்கொண்டிருந்தபோது கேற்றில் சைக்கிள் மணி கேட்டது. ராத்தாவின் புருசன்.

நான் கூரையைப் பார்த்தேன். அடிதடி நடந்தால் யாரைப் பிடிப்பது என்றுதான் யோசித்தேன். அந்த மனிதர் ஷொப்பிங் பேக்கிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். விரலெல்லாம் எஞ்சின் எண்ணெய். தாள்களிலும் பட்டிருந்தது.

"சேர், இதில ஒரு இடம் பிழை."

"சொல்லுங்க மச்சான்."

"வீடு போன நேரம் அவ ஒண்டும் கேக்கல்ல, பேசாம சாமானக் கட்டினா எண்டு இரிக்கி."

"ஓம். ராத்தா அப்பிடித்தான் சொன்னவ."

"அவ கேட்டவ. புள்ளைக்கு என்ன வழி எண்டு கேட்டவ." அவர் நிறுத்தினார். மேசை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். "நான் சொன்னன், உறுதி ஆருட பேர்ல இரிக்கி எண்டு பார், உன்ட வாப்பாட வீடு கடலோட போயிட்டு, இது என்ட வீடு எண்டு. அப்பிடித்தான் சொன்னன். புள்ளைகளுக்கு முன்னால சொன்னன். அவ அத உங்களுக்குச் சொல்லல்ல. என்ட மானத்தப் பாத்திரிக்கா. அதையும் போடுங்க."

காக்கா பேனையை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, அதே மின்சார பில் குரலில் அவருக்கு வாசித்துக் காட்டினார். என் பெண்சாதி வீட்டை நினைத்தேன். அந்த மனிதர், "ஓம். அதுதான்" என்று சொல்லிவிட்டு, மச்சி நீட்டிய பிளேன்டீயை வாங்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆய்வு கெடுவுக்குள் போனதும், பட்டம் வந்ததும், பிறகு பேராசிரியராகிப் பெரிய கதிரையில் உட்கார்ந்ததும் ஊரறிந்த கதை. எனக்கு அந்த வெள்ளிக்கிழமை அந்திதான் முக்கியம். சைக்கிள் போய்ச் சேர்வதற்கு முன்பே இவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். புதிதாக ஒரு வசனம் வந்திருக்கிறது, அதை ராத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். நான் பைக்கை எடுத்தேன்.

ராத்தா தங்கச்சி வீட்டுப் பின்பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். புருசன் இன்னும் வரவில்லை. இவர் அடுப்படிப் படியில் இருந்து அந்த வசனத்தை வாசித்தார். ராத்தாவின் கை சட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"இத அவரே வந்து சொன்னாரா?"

"ஓம் ராத்தா. வேணாம் எண்டா எடுத்திருவன்."

ராத்தா முந்தானையில் கையைத் துடைத்தார். தாளை வாங்கினார். அந்த இடத்தைத் தானே ஒரு தடவை வாசித்தார்.

"எடுக்க வேணா சேர்" என்றார். "அவர் அத மறந்திட்டார் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."